எந்தக் குரூப் எடுக்கப் போகிறாய்?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி, தன் தோழியர் மூவர் சார்பிலும் எழுதியது)

பத்தாம் வகுப்பில் காலடி எடுத்து வைத்த நாள் முதல் எங்களை ஒரு கேள்வி துரத்தி வருகிறது. திருமண வீட்டில் கேட்கிறார்கள். பேருந்தில் கேட்கிறார்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக் கொண்டிருக்கும்போதும் கேட்கிறார்கள். "பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுக்கப் போகிறாய்?" பதில் சொல்லும் வரை விடுவதில்லை. சொல்லிவிட்டாலோ, "அதற்கெல்லாம் வேலை கிடைக்குமா?" என்று அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது!

நாங்கள் நால்வர். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே ஊறுகாய் டப்பா. இக்கட்டுரையில் எங்கள் பெயர்களை எழுதுவதில்லை என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். எங்கள் வகுப்பினருக்கு யார் யார் என்று தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்களில் ஒருத்தியிடம் மட்டும், "உன் பல்லைப் பற்றி எழுதலாமா?" என்று முன்கூட்டியே அனுமதி கேட்டோம். "எழுதுங்கள். ஆனால் 'பாவம்' என்று மட்டும் எழுதாதீர்கள்" என்றாள். அவ்வாறே எழுதுகிறோம்.

ஜூலை மாதத்தில் எங்கள் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சி நடைபெற்றது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 ஆக 200க்குக் கட் ஆப் போடுகிறார்கள் என்பதும், மருத்துவம் என்றால் நீட் எழுத வேண்டும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெளிவாக விளங்கின. அதற்காக அவருக்கு நன்றி. பிறகு, எந்தப் படிப்புக்கு எவ்வளவு சம்பளம் என்று ஒரு பட்டியல் வந்தது. எல்லோரும் அவசர அவசரமாகக் குறித்துக் கொண்டோம். கீழே போகப் போகச் சம்பளம் குறைந்தது. குறிப்பெடுக்கும் கைகளும் குறைந்தன. கடைசி மூன்று படிப்புகள் எவை என்று இன்று கேட்டால் எங்கள் நால்வரின் நோட்டிலும் இல்லை.

மறுநாள் அறிவியல் வகுப்பு. எங்கள் அறிவியல் ஆசிரியை ஓர் அருட்சகோதரி. அவர் கரும்பலகையில் எதுவும் எழுதாமல், ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, "என்னவாக விரும்புகிறாய், ஏன் என்று இரண்டு வரி எழுது, பெயர் வேண்டாம்" என்றார். வகுப்பில் 43 பேர். சிஸ்டர் படிக்கப் படிக்க எங்கள் பெஞ்சில் கோடு போட்டு எண்ணினோம். மருத்துவர் 24, கலெக்டர் 6, ஆசிரியை 5, சாப்ட்வேர் 4, செவிலியர் 3. ஒருத்தி மட்டும் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தாள். அவள்தான் உண்மையைச் சொன்னவள் என்பது எங்கள் கருத்து.

மருத்துவர் என்று எழுதிய 24 பேரில் பெரும்பாலோர் எழுதிய காரணம் ஒன்றே: ஏழை எளியவர்களுக்குச் சேவை செய்ய. சிஸ்டர் தாள்களை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "நோய் வந்த பின் மருந்து கொடுப்பது சேவை. நோயே வராமல் செய்தால் அதற்கு என்ன பெயர்?"

யாரும் வாய் திறக்கவில்லை. சிஸ்டர் அடுத்ததாக, "நம் மாவட்டத்தில் பல்லில் காவி படிந்தவர்களை நீங்கள் பார்த்ததுண்டா?" என்றார்.

எங்கள் தோழியின் கை தானாக வாயருகே போனது. அவள் சிரிக்கும்போதெல்லாம் அப்படித்தான் போகும். ஐந்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அது அவளுடைய வெட்கம் என்றுதான் நினைத்திருந்தோம். என்ன தோழிகள் நாங்கள்!

எங்கள் தருமபுரி மாவட்டமும் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டமும் பாறை பூமி. அப்பாறைகளில் உள்ள சில தாதுக்களில் புளோரைடு இருக்கிறது. நிலத்தடி நீர் பாறையோடு நெடுங்காலம் தங்கும்போது அது கரைந்து நீரில் கலக்கிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கே வழியில்லை என்றால் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக் கொள்ளலாம் என்பது நம் நாட்டின் குடிநீர்த் தர அளவு. அதற்கு மேல் போனால், குழந்தைப் பருவத்தில் பல்லின் எனாமல் உருவாகும்போதே கெட்டுவிடுகிறது. வெள்ளைத் திட்டுகள், பிறகு மஞ்சள், பிறகு காவி. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது மேலே படிந்த அழுக்கு அல்ல. பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடித்துக் கொள்கிறது. இந்தியாவில் இந்நோயைப் பற்றி மருத்துவர்கள் முதன்முதலில் எழுதியது 1937இல். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதி மக்களைக் கண்டு எழுதினார்களாம்.

இவை எல்லாம் பாடநூலில் இல்லாதவை. சிஸ்டர் சொல்லி முடித்ததும் எங்கள் தோழி எழுந்து நின்று, "எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள் சிஸ்டர்" என்றாள். அவள் வகுப்பில் தானாக எழுந்து பேசியது அதுவே முதல் முறை.

அடுத்த சனிக்கிழமை, பெற்றோரிடமும் தலைமையாசிரியை அவர்களிடமும் அனுமதி பெற்று, சிஸ்டருடன் நாங்கள் பேருந்து ஏறினோம். இறங்கிய பிறகு ஒரு மைல் நடை. கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே சிறிய ஊர். அவளுடைய ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார், ஆனால் நிமிரவில்லை. முதுகு வளைந்தபடியே, தரையைப் பார்த்தபடியே, "வாங்க கண்ணு" என்றார். கழுத்தைத் திருப்ப முடியாததால் எங்களைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது.

ஆயா சொன்ன கதை எங்களுக்குப் புதிது. அவர் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் ஊரில் இறங்கு கிணறு. மழை பொய்த்து அது வற்றியதும் ஆழ்துளைக் கிணறு போட்டு அடிபம்பு வைத்தார்கள். "கண்ணாடியாட்டம் தண்ணி. அந்த பம்பைக் கும்பிட்டோம் பாப்பா" என்றார். பொய்யில்லை, பஞ்சத்தில் உயிரைக் காத்த தண்ணீர்தான் அது. அதில் நிறமில்லை, மணமில்லை, ருசியில் வேற்றுமையில்லை. இருபது ஆண்டுகள் கழித்துத்தான் முதுகு பிடித்துக் கொண்டது. போகாத ஆஸ்பத்திரி இல்லை. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர், "அம்மா, இதை என்னால் நிமிர்த்த முடியாது, முதலில் தண்ணீரை மாற்றுங்கள்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னாராம்.

தண்ணீரை எப்படி மாற்றுவது? அது டாக்டர் செய்யக் கூடிய வேலை அல்லவே!

அதைச் செய்தவர்கள் பொறியாளர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பான் நாட்டின் கடனுதவி பெற்று, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்ச் செலவில் நடந்த வேலை. காவிரி நீரை எடுத்துச் சுத்திகரித்து, மேட்டு நிலத்துக்கு ஏற்றி, அங்கிருந்து இரண்டு மாவட்டங்களின் ஊர்களுக்கும் குழாய் வழியே அனுப்புகிறார்கள். 2013 மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் முழுப் பெயரிலேயே 'புளோரோசிஸ்' என்று இந்நோயின் பெயரும் இருக்கிறது. சாலையோரத்து நீலப் பலகையை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறோம், வாசித்ததில்லை.

தோழியின் தெருவுக்குக் குழாய் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அதற்குள் அவளுடைய முன்பற்கள் ஈறுக்குள்ளேயே உருவாகி முடிந்துவிட்டன. அம்மா பல்லெல்லாம் காவி. அவளுக்குத் திட்டுத் திட்டாக மஞ்சள். தம்பி பிறந்தது குழாய்த் தண்ணீர் வந்த பிறகு. எட்டு வயதுப் பையன். பால்பற்கள் விழுந்து புதிதாக முளைத்த இரண்டு முன்பற்களும் முகத்துக்குப் பொருந்தாத அளவில் பெரிதாக, அரிசி போல வெள்ளையாக இருந்தன. எங்களைக் கண்டு ஓயாமல் சிரித்துக் கொண்டே இருந்தான். அவனுக்கு என்ன தெரியும்? அவன் அக்கா அவனையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

சிஸ்டர் ஒரு சோதனைப் பெட்டி கொண்டு வந்திருந்தார். பழைய அடிபம்பின் நீர் ஒரு குழாயில், காவிரி நீர் ஒரு குழாயில். இரண்டிலும் சில சொட்டு மருந்து விட்டார். காவிரி நீர் ரோஜா நிறத்திலேயே நின்றது. அடிபம்பு நீரில் அந்நிறம் வெளுத்து மஞ்சளாயிற்று. அட்டையோடு ஒப்பிட்டபோது 3க்கு அருகில் காட்டியது. ஆயா கேட்டார்: "இத்தனை நாளும் இது தெரியாமத்தானே போச்சு? இந்த மருந்தை அப்பவே ஒருத்தரும் கொண்டாரலியே?"

எங்கள் நால்வருக்கும் அன்றைய இரவு தூக்கம் வரவில்லை. அடிபம்பு போட்டவரும் நல்லவர்தான். சேவை மனப்பான்மை உள்ளவர்தான். ஆனால் நீரில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. நல்ல எண்ணத்தோடு வேதியியலும் சேர்ந்திருக்க வேண்டும் போலும். எங்கள் பள்ளியிலோ, நன்னெறி வகுப்பிலும் மறைக்கல்வி வகுப்பிலும் மதிப்பீடுகளைப் பற்றிப் பேசுகிறோம். அறிவியல் வகுப்பில் மதிப்பெண்களைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கொள்வதே இல்லை. (இவ்வரியைச் சிஸ்டர் அடிக்க மாட்டார் என்று நம்புகிறோம்.)

திங்களன்று மீண்டும் துண்டுத் தாள். இம்முறை கேள்வி வேறு. "என்னவாகப் போகிறாய் என்று எழுத வேண்டாம். எதைக் கண்டால் உனக்குப் பொறுக்கவில்லை? எதைக் காப்பாற்ற நினைக்கிறாய்? அதை எழுது. அதற்குப் பிறகு குரூப்பைப் பார்க்கலாம்."

இது முதல் தாளைப் போல எளிதாக இல்லை. பாடவேளை முடிந்தும் பலர் எழுதவில்லை. எங்கள் நால்வரின் தாளும் நான்கு விதம். ஒருத்தி, வீட்டு மிக்சியையும் மின்விசிறியையும் பிரித்துப் போட்டு அடி வாங்குபவள். "கெட்டுப் போனதைத் தூக்கி எறிவது பிடிக்கவில்லை" என்று எழுதினாள். இன்னொருத்தி, "அப்பா வாங்கிய கடனை அடைக்க வேண்டும், வேறெதுவும் தோன்றவில்லை" என்று எழுதிவிட்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று தாளை மடித்து மடித்துப் பிரித்தாள். சிஸ்டர் அவளைத் தனியே அழைத்து, "இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பெற்றவர்களின் பாரத்தைச் சுமக்க நினைப்பதும் மதிப்பீடுதான். சீக்கிரம் சம்பாதிக்க உதவும் படிப்பு எது என்று நாம் பார்ப்போம்" என்றாராம். சம்பளப் பட்டியல் காட்டியவரை நாங்கள் முன்பு கொஞ்சம் ஏளனமாகப் பேசியிருந்தோம். அன்றோடு நிறுத்திக் கொண்டோம்.

மூன்றாமவள் தாயார் நோயாளி. "அம்மாவை விட்டு வெகு தூரம் போக முடியாது. இரவில் வீட்டுக்கு வந்துவிடும் வேலையாக இருக்க வேண்டும்" என்று எழுதினாள். இதெல்லாம் ஒரு இலட்சியமா என்று அவளுக்கே கூச்சம். அவளுக்காகவே சிஸ்டர் வகுப்பில் ஒரு வரலாறு சொன்னார்.

சென்னையில் 1919இல் பிறந்தவர் அ. லலிதா. பதினைந்து வயதில் திருமணம். அதாவது எங்கள் வயதில்! பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. மறுபடியும் படிக்க வேண்டும் என்று உறுதி கொண்டார். மருத்துவம் படித்திருக்கலாம், அன்றே பெண்கள் மருத்துவராயிருந்தார்கள். ஆனால் நள்ளிரவிலும் குழந்தையை விட்டு ஓட வேண்டிய வேலை அது என்று எண்ணி, பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய தந்தை சுப்பா ராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அதே கல்லூரியில் சேர்ந்தார். அவருக்குத் துணையாகக் கேரளத்துப் பெண்கள் இருவர், பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும், கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள். 1940களில் மூவரும் தேறியபோது, சான்றிதழில் ஆண்பால் சொல்லே அச்சாகியிருந்ததால் அதை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லை எழுதிக் கொடுத்தார்களாம்! லலிதா நம் நாட்டின் முதல் பெண் மின்பொறியாளர். கல்கத்தாவில் பணிபுரிந்தபோது பக்ரா நங்கல் அணை தொடர்பான மின் பணிகளிலும் அவர் பங்கு இருந்தது. 1964இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானியர் மாநாட்டுக்குச் சென்றார். திரேசியாவோ 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

இவ்வளவும் ஒரு குழந்தையை விட்டுப் பிரிய மனமில்லாமல் தொடங்கியதுதான். கேட்டு முடித்ததும் மூன்றாமவள் தன் தாளில் "அம்மா" என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டாள்.

நான்காவது தாளில் ஒரே சொல்: "தண்ணீர்."

அதன் பிறகு எங்கள் தோழியைப் பிடிக்க முடியவில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும் கொண்டு நீரிலுள்ள புளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறையை, நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள் என்று படித்து வந்து எங்களுக்குப் பாடம் நடத்தினாள். வீட்டில் கலங்கல் நீருக்குப் போடும் படிகாரமா இவ்வளவு செய்கிறது என்று வியந்தோம். பல வருடமாக அவளைப் பயமுறுத்தி வந்த கணக்கில், அரையாண்டுத் தேர்வில் 81 வாங்கினாள். காலாண்டில் 54. குழாயின் விட்டம், தொட்டியின் கன அளவு என்று வந்தால் கணக்கு புரிகிறதாம். வெறும் 'எக்ஸ்' என்றால் இன்னும் புரியவில்லையாம்.

ஆனால் அவள் வீட்டில் நிலைமை வேறு. அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம்; மழை இருந்தால் விளைச்சல். பிளஸ் டூ முடித்ததும் ஓசூர்ப் பக்கம் ஏதேனும் கம்பெனியில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். விடுதி உண்டு, வேன் உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம். ஊரில் பல அக்காமார் அப்படித்தான் போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடுகள் ஓடு மாறி மெத்தையாகின்றன. அதைத் தவறென்று சொல்ல நாங்கள் யார்? எங்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்தில்லை. "மனத்துக்குப் பிடித்ததைக் கேட்டுப் படிப்பெல்லாம் பணமுள்ளவர்கள் பேச்சு" என்று கடன்காரத் தோழி சொன்னாள். "அப்படியானால் எங்கள் ஊர்த் தண்ணீரை யார் பார்ப்பது, பணமுள்ளவர்களா?" என்று இவள் கேட்டாள். அன்று இருவரும் பேசிக் கொள்ளவில்லை. மறுநாள் ஊறுகாய் டப்பா சமாதானம் செய்து வைத்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன், சிஸ்டர் கேக் எடுத்துக் கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். நாங்களும் கூடவே போனோம். சிஸ்டர் அவள் அப்பாவிடம் நிதானமாகப் பேசினார். பத்தாம் வகுப்பு முடித்ததுமே பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ சேரலாம், மூன்றே வருடம். பிறகு விரும்பினால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அல்லது பிளஸ் ஒன்னில் கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுத்து மேலே போகலாம். வேதியியல் பட்டம் பெற்றால் குடிநீர்ப் பரிசோதனைக் கூடங்களில் வேலைக்கு முயலலாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அவர் தாளை வாங்கிக் கொண்டு வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சிவில்னா குழி தோண்டற எடத்துல ஆம்பளைங்க நடுவுல நிக்கணும். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சிஸ்டர் தண்ணி வேலை?" என்றார்.

திண்ணையிலிருந்து ஆயாவின் குரல் வந்தது. நிமிர முடியாதவர், தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏன்டா, நாப்பது வருசம் இடுப்புல கொடம் வச்சு நான்தானே தண்ணி சொமந்தேன்? அப்ப ஒருத்தனும் பொம்பளைக்கு எதுக்குடா தண்ணி வேலைன்னு கேக்கலியே?"

யாரும் பேசவில்லை. தம்பி மட்டும் கேக்கைத் தின்றுகொண்டு சிரித்தான். அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, "பரீட்சை முடியட்டும் சிஸ்டர். பாப்போம்" என்றார்.

பரீட்சைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. அந்தத் தாள் என்னவாயிற்று என்று நாங்கள் தினமும் கேட்கிறோம். சட்டையைத் துவைக்கப் போட்ட அன்று அப்பா அதை வெளியே எடுத்து, சுவரில் தொங்கும் காலண்டருக்குப் பின்னால், ரேஷன் கார்டோடு சேர்த்துச் செருகி வைத்திருக்கிறாராம்.